சவுக்குத் தோப்பு வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

பிள்ளைகளே,

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் தாண்டத் தாண்ட, இடது கைப்பக்கம் கடல் கூடவே வரும். ஆனால் கண்ணில் படாது. சவுக்கும் முந்திரியும் தென்னையும் நடுவே மறைத்து நிற்கும். அந்த மறைவுக்குள்தான் எங்கள் வீடு இருக்கிறது. என் மாமனார் கட்டியபோது அது வீடு இல்லை. முந்திரிக்கொட்டையைக் காயவைத்து மூட்டை கட்டி அடுக்கும் கொட்டகை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையேறியது. பொழுது விடிந்து போய்ப் பார்த்தால் தோப்பில் நின்ற மரம் என்று ஒன்றும் இல்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அன்று நடந்தது எங்களுக்கும் நடந்தது. ஓடு பறந்துபோன கொட்டகை மட்டும் சுவரோடு நின்றது. முந்திரி மறுபடி நட்டு அது காய்ப்புக்கு வரும்வரை எதைச் சாப்பிடுவது? கொட்டகைக்கு ஓடு மாற்றினோம், தரை போட்டோம், ஒரு சமையலறையும் குளியலறையும் சேர்த்தோம். சுற்றிலும் சவுக்கு வைத்தோம். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தோம்.

அதிலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். சிலர் அழுதுகொண்டே கிளம்பினார்கள், பிரிய மனமில்லாமல். சிலர் இரண்டாம் நாளே கோபித்துக்கொண்டு போனார்கள். கோபித்துப் போனவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டை வாடகைக்கு எடுத்தால் அதன் கிணற்றையும் காற்றையும் கடலையும் பக்கத்து மீனவர் குப்பத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் நான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சரி, தாழங்குடாவிலிருந்து பரங்கிப்பேட்டை வரை வேறு எந்தத் தோப்பு வீட்டுக்குப் போனாலும் சரி.

1. முதலில் மாதத்தைக் கேளுங்கள், வாடகையை அப்புறம் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை எங்களுக்கு மழை மாதங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. புயலும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. கூடத்தில் உட்கார்ந்து மழையைப் பார்க்க ஆசை என்றால் வாருங்கள், தப்பில்லை. ஆனால் குழந்தைகளை மணலில் விளையாடவிட நினைத்து அந்த மாதங்களில் வராதீர்கள். தை, மாசிதான் நல்ல காலம். காலையில் பனி, பகலில் இளவெயில், ராத்திரிக்கு ஒரு போர்வை.

பள்ளி விடுமுறை மே மாதம்தான் என்பது எனக்கும் தெரியும். மே மாதத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடும். மேற்கேயிருந்து அனல்காற்று வீசும். மத்தியானம் ஒரு வேளையில் அந்தக் காற்று நின்று, மரம் ஒன்றும் அசையாமல் கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு கடல்காற்று உள்ளே வரும். சவுக்கின் நுனியில் முதலில் ஒரு இரைச்சல் கேட்கும். அடுத்த நிமிஷம் திரைச்சீலை எல்லாம் எழுந்துவிடும். அதுவரை பொறுத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு மே மாதமும் நல்ல மாதம்தான். நுங்கும் கிடைக்கும். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்னப் படகுகளில் வருகிற மீன்தான். விலையும் ஏறித்தான் இருக்கும். வஞ்சிரம் இல்லையே என்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரரிடம் முகம் சுளிக்காதீர்கள்.

2. தண்ணீர் எப்படி என்று கேளுங்கள்.

வீட்டின் படத்தைப் பார்த்தால் தெரியாத விஷயம் இது. கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் ஒரு தட்டுப்போல மிதந்துகொண்டிருக்கிறது. அதற்கு அடியில் உப்புத்தண்ணீர். மழைத்தண்ணீர் எடை குறைவு, அதனால் மேலே நிற்கிறது. அளவாக இறைத்தால் தலைமுறைக்கும் வரும். ஒரே மூச்சில் மோட்டாரை ஓட்டினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய உப்பு நாம் மோட்டாரை நிறுத்தியதும் இறங்கிவிடாது.

எங்கள் வீட்டில் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணிதான் மோட்டார். சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகளுக்காக ரப்பர் குளம் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். நான் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். காவல்காரர் சொல்லச் சொல்ல, பகல் முழுவதும் மோட்டாரை ஓட்டிக் குளத்தை நிரப்பினார்கள். சாயங்காலம் அதைக் கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி நிரப்பினார்கள். மூன்றாம் நாள் காலை காபி உப்புக் கரித்தது. அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தக் கிணறு ஐப்பசி மழை வரும்வரை தேறவில்லை. ஐந்து மாதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் நின்றோம். பக்கத்துத் தோப்பில் ஒரு ஆயா கத்தரி போட்டிருந்தார். அவர் கிணறும் கரித்து, செடி எல்லாம் இலை ஓரம் கருகிப்போயிற்று. அதைச் சொல்ல அவருக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை, என்னிடம் வந்து நின்றார்.

ஆகவே கேளுங்கள். கிணறா, போரா? குடிக்கலாமா, குளிக்க மட்டுமா? மோட்டார் எத்தனை நேரம்? வாளியில் மொண்டு குளியுங்கள். அது பஞ்சம் இல்லை, இந்த மண்ணின் முறை.

3. வீட்டின் வயதையும் இடத்தையும் கேளுங்கள்.

பழைய ஓட்டு வீடு, சுண்ணாம்புச் சுவர், பனஞ்சட்டம் என்றால் பல்லி இருக்கும், மழைக்கு ஒரு சொட்டு விழும், உப்புக்காற்றில் தாழ்ப்பாள் துருவேறி இறுகும். இதெல்லாம் குறை இல்லை. வெயில் தாங்கும் வீடு அதுதான். வெள்ளைக்காரன் 18-ஆம் நூற்றாண்டில் மஞ்சக்குப்பத்தில் கட்டிய கார்டன் ஹவுஸைக் கடலூர்க்காரர்கள் காட்டுவார்கள். கடல்காற்றுக்குச் சுண்ணாம்பும் செங்கல்லும்தான் சரி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் மணல்மேட்டின் மேலேயே, அலைக்கு எதிரே, புத்தம்புதுக் கான்கிரீட் வீடு என்று யாராவது காட்டினால் இரண்டு தடவை யோசியுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் இருக்கின்றன. அனுமதி உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்து மக்கள் நாற்றத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பல வருஷமாகப் போராடி வருகிறார்கள். வீடு எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

4. முன்பணம் முழுவதையும் அனுப்பாதீர்கள்.

படத்தை எங்கிருந்தாவது எடுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். வீடியோ அழைப்பில் வாசற்கேட்டிலிருந்து கிணறு வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரருக்கு அதில் சங்கடம் இருக்காது. நாங்களும் உங்கள் ஆதார் நகல் கேட்போம், கோபப்படாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் கூட வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குப் பதிவு செய்ய வேண்டியது எங்கள் கடமை. பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.

5. காவல்காரரை ஐயா என்று கூப்பிடுங்கள்.

உங்கள் அப்பா வயது இருக்கும் அவருக்கு. அண்ணே என்றாலும் சரி. வாப்பா, போப்பா வேண்டாம். அவர் மனைவி சமைத்துத் தருவார் என்றால், மறுநாள் என்ன வேண்டும் என்று முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து, ஒரு மணிக்குள் எட்டுப் பேருக்கு நண்டுக் குழம்பு என்றால் எங்கே போவார்கள்? நண்டுக்கு விடியற்காலை கரையில் நிற்க வேண்டும்.

6. கடலைப் பற்றிச் சொல்கிறேன். இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

எங்கள் கடல் குளிக்கிற கடல் இல்லை, பார்க்கிற கடல். கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் திடீரென்று ஆழம். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலேயே, எத்தனை பிள்ளைகள் போய்விட்டார்கள். பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள், அதில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு.

அலை உடைந்து நுரைக்கிற இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். நடுவில் ஓரிடத்தில் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கலங்கி, அமைதியாகத் தெரியும். இங்கே இறங்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். அந்த இடம்தான் இழுவை. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், கை ஓய்ந்துவிடும். கரைக்குப் பக்கவாட்டில், வடக்கோ தெற்கோ, நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு கரையேறுங்கள். இது தெரிந்தாலும் நீங்கள் இடுப்புக்கு மேல் இறங்கக்கூடாது என்பதுதான் என் சொல்.

ஆறு கடலில் விழும் முகத்துவாரங்களில் கால்கூட நனைக்காதீர்கள். கெடிலம், வெள்ளாறு, பிச்சாவரத்துப் பக்கம் சின்னவாய்க்கால் எதுவாக இருந்தாலும் அப்படித்தான். நேற்று மணல் இருந்த இடத்தில் இன்று பள்ளம் இருக்கும். மீனவர்களே அங்கே படகைப் பார்த்துத்தான் விடுவார்கள். மற்ற இடங்களில் இறங்குமுன், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரையாவது கேளுங்கள்: இன்றைக்கு இறங்கலாமா அண்ணே? அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் கேட்டு வாதாடாதீர்கள். சாப்பிட்ட பிறகு, இருட்டிய பிறகு, குடித்த பிறகு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

7. மீன் வாங்கப் போங்கள்.

பரங்கிப்பேட்டை அன்னங்கோயில், முடசல்ஓடை, கடலூர் துறைமுகம் என்று மீன் இறங்கும் இடங்கள் உண்டு. தோப்பு வீட்டுக்குப் பக்கத்துக் குப்பத்திலேயே ஃபைபர் படகு காலையில் கரையேறும். நீங்கள் அதற்குத்தான் போக வேண்டும். படகு மணலில் ஏறும்போது நாலு பேர் தள்ளுவார்கள். நீங்களும் ஒரு கை கொடுங்கள். வலையைப் பிரித்துச் சங்கரா, காரப்பொடி, நெத்திலி, கிழங்கான் என்று தனித்தனியாகக் கொட்டுவார்கள். ஏலம் விடும்போது நடுவில் புகுந்து விலை கேட்காதீர்கள். ஏலம் முடியட்டும். எடுத்த அம்மாவிடம் கூடையிலிருந்து வாங்குங்கள். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசலாம். நூறு ரூபாய்க்குப் பேசாதீர்கள். டீசல் போட்டுக் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய நாளும் அவர்கள் வீட்டில் உண்டு.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை.

8. தோப்புக்குள் மூன்று ஆபத்து.

ஒன்று, முந்திரிக்கொட்டை. மாசி, பங்குனியில் பழம் சிவந்து தொங்கும், அடியில் கொட்டை. பழத்தைத் தின்னலாம், தொண்டை கரகரக்கும், அவ்வளவுதான். பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் பல்லால் கடித்துவிட்டால் தோலில் இருக்கும் எண்ணெய் பட்டு உதடு வெந்துபோகும். என் பேத்திக்கே ஒருமுறை ஆனது. ஒரு வாரம் கஞ்சிதான் குடித்தாள்.

இரண்டு, பாம்பு. சவுக்குச் சருகு மெத்தைபோலக் கிடக்கும். அடியில் என்ன என்று தெரியாது. இருட்டில் டார்ச்சு இல்லாமல், செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போட்டு, கீறி, வைத்தியரைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எது பக்கம் என்று வந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நெருப்பு. ராத்திரி தோப்பில் தீ மூட்டிச் சுற்றி உட்கார ஆசைப்படுகிறீர்கள், எனக்குப் புரிகிறது. சருகில் ஒரு பொறி போதும். அந்தச் சவுக்கு வெறும் அழகுக்கு நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த ஆய்வாளர்கள், சவுக்குத் தோப்புக்கும் அலையாத்திக் காட்டுக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கண்டு 2005-இல் எழுதினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சுனாமி வந்த அன்று காலையே தெரியும்.

9. புதுச்சேரியிலிருந்து மது பாட்டில் கொண்டுவராதீர்கள்.

கடலூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், விலையும் குறைவு. ஆனால் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். பிடிபட்டால் விடுமுறை அங்கேயே முடிந்தது.

10. சிதம்பரத்துக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள்.

அதிகாலையில் பிச்சாவரம், சாயங்காலம் நடராஜர் கோயில். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். வெயிலில் நாலு கோபுரத்தையும் சுற்றி நின்றுவிட்டு ஏமாந்து வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகு இருக்கிறது. 1975-இல் வந்த இதயக்கனி படத்தை அங்கே எடுத்த கதையைப் படகுக்காரர் சொல்லுவார், கேளுங்கள். ஆனால் அலையாத்திக் காட்டையும் பாருங்கள். சுரபுன்னையின் வேர் கிளையிலிருந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள்; தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் வரக் காரணமான மரம் அது. கையால் ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 2022-இல் பிச்சாவரம், உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு சிப்ஸ் உறைகூடத் தண்ணீரில் போடாதீர்கள்.

கோயிலில் நடராஜரைப் பார்த்துவிட்டு அப்படியே பக்கத்தில் கோவிந்தராஜப் பெருமாளையும் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று இருவரையும் சேவிக்கலாம். பிறகு ஏதாவது ஒரு பழைய ஓட்டலில் கத்தரிக்காய்க் கொத்சு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். வெளியூரில் கொத்சு என்று தருவது வேறு. சம்பா சாதத்தோடு கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அந்த நாட்களில் தோப்பு வீடு வேண்டும் என்றால் வெகு முன்னதாகவே சொல்ல வேண்டும்.

11. குப்பத்துக்குள் விருந்தாளியாகப் போங்கள்.

பெண்கள் மீன் காயப்போட்டிருக்கும் இடத்தில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். படகின் மேல் ஏறி உட்காராதீர்கள், வலையை மிதிக்காதீர்கள். வலை அவர்களுக்கு நிலம் மாதிரி. பாட்டுப் பெட்டியைப் பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள். இரண்டு மணிக்கு எழுந்து கடலுக்குப் போகிறவர்கள் அங்கே தூங்குகிறார்கள்.

டிசம்பர் 26 அன்று இங்கே இருக்க நேர்ந்தால், காலையில் கரைக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவார்கள், பூப் போடுவார்கள். 2004-இல் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் குழந்தைகள் நிறைய. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்று எந்தக் குப்பத்தைக் கேட்டாலும் பெயர் சொல்லி அழுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று அவர்களோடு போய்ச் சும்மா நில்லுங்கள். கேள்வி கேட்க வேண்டாம்.

12. கடல் பார்த்த விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். ராத்திரியில்தான் வரும். வெளிச்சம் இருந்தால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். குஞ்சு பொரித்து வரும்போது கடலின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்கும். நம் வீட்டு விளக்கு அதைவிடப் பளிச்சென்று இருந்தால் தோப்பைப் பார்த்து ஏறி வந்துவிடும். ஒரு வருஷம் பங்குனிக் கடைசியில், விடியற்காலை வாசல் பெருக்க வந்தபோது படிக்கட்டின் கீழே பதினோரு குஞ்சுகள். எல்லாம் சேர்ந்து என் இரண்டு உள்ளங்கை அளவுகூட இல்லை. நான்கு உயிரோடு இருந்தன. முந்தானையில் ஏந்திக்கொண்டு போய் ஈரமணலில் விட்டேன். மற்றவற்றை எறும்பு மொய்த்திருந்தது. முந்தின ராத்திரி தங்கியிருந்தவர்கள் திண்ணை விளக்கை விடிய விடிய எரியவிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். கிழக்கே பார்த்த விளக்குகளுக்குச் சுவிட்சு இரண்டு, கதவுக்கு வலப்பக்கம் இருக்கிறது. தை பிறந்து பங்குனி முடியும்வரை ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதைப் போட வேண்டாம். உள்விளக்கு எரியட்டும், திரையை இழுத்துவிடுங்கள். முட்டையிட்ட தடம் கண்ணில் பட்டால் தோண்டாமல் காவல்காரரிடம் சொல்லுங்கள். அவர் வனத்துறைக்குப் போன் செய்வார், அவர்கள் வந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள்.

சாவி காவல்காரரிடம் இருக்கிறது. வருகிற நாளுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டுவிடுங்கள், கிணற்றைப் பார்த்து வைக்கிறோம்.